மூடி வைத்தாலும் குளம் குளம்தான்

அமெரிக்காவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் இருக்கிறது என்று சொன்னால் ஊரில் இருக்கும் உறவுக்காரர்கள், "அடேயப்பா! நீ பெரிய ஆள்தான் போ!" என்கிறார்கள். சினிமாவில் பார்த்த நீலப் பளிங்குக் குளமும், பக்கத்தில் சாய்வு நாற்காலியும் அவர்கள் மனக்கண்ணில் வந்துவிடுகின்றன. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, சகோதரிகளே. இது தரையைத் தோண்டிக் கட்டியது அல்ல. தரைக்கு மேலே நிற்கும் ஒரு பெரிய வட்டத் தொட்டி. நெளிநெளியான இரும்புத் தகட்டை வளைத்துச் சுவராக நிறுத்தி, உள்ளே கெட்டியான வினைல் விரிப்பைப் பரப்பியிருக்கிறார்கள். அதை லைனர் என்பார்கள். 24 அடி விட்டம், 52 அங்குல உயரம். நாலடி தண்ணீர் நிரப்பினால் சுமார் 51,000 லிட்டர் பிடிக்கும். நம் ஊர்த் தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொண்டால், நாலு லாரிக்கும் மேலே!

நாங்கள் இருப்பது நியூஜெர்ஸியில். 2014-ல் வீடு வாங்கியபோது வீட்டோடு வந்தது இந்தக் குளம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பிள்ளைகள் இதிலேயே கிடப்பார்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு. தரையில் நடந்தால் சுருக்கென்று குத்தும் கால், மார்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் நடந்தாலும் முணுமுணுப்பதில்லை. உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு அந்தச் சுகம். ஆகவே இந்தக் குளத்தின் மேல் எனக்கும் ஒட்டுதல் உண்டு.

ஆனால் அக்டோபர் நடுவில் மூடினால், ஏப்ரல் கடைசியில்தான் திறக்க முடியும். நீந்துவது மூன்று மாதம், காப்பது ஆறரை மாதம்! கோடையில் குளத்தைப் பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர் வருவார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்காரி ஒருத்திதான். அந்த ஆறரை மாதத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வெளிநாட்டில் குழந்தை குட்டிகளோடு இருக்கும் இளம் தாய்மார்களுக்கு இது உபயோகப்படும். ஊரில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

காலி செய்தால் என்ன?

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "தண்ணீர் உறைந்து போகுமே, பேசாமல் திறந்துவிட்டுக் காலி செய்துவிட்டால் என்ன?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரும்புச் சுவர் வைத்த தொட்டியைக் காலி செய்யக் கூடாது. அந்தச் சுவர் மெல்லிய தகடுதான். உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லாப் பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால்தான் அது விறைப்பாக நிற்கிறது. காலி செய்துவிட்டால் பலமான காற்று ஒன்று போதும், தகடு மடங்கிவிடும். உள்ளே இருக்கும் விரிப்பும் தண்ணீர் இல்லாமல் குளிரில் கிடந்தால் சுருங்கி விறைத்துப் போகும். மறுபடி தண்ணீர் விடும்போது இழுக்க முடியாமல் கிழியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. மார்ச் மாதக் காற்றில் சுவர் ஒரு பக்கம் குழிந்து, மிதிபட்ட தகர டப்பாவைப் போல ஆகிவிட்டது.

இன்னொரு வகைத் தொட்டி உண்டு. காற்றடித்த வளையத்தோடு வருவதும், குழாய்ச் சட்டத்தில் துணி போன்ற விரிப்பை மாட்டுவதுமான வகை. அது குளிரைத் தாங்காது. உறையும் காலம் வருவதற்கு முன்பே தண்ணீரை இறக்கி, நன்றாகத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீர் உறைந்து சுவர் வெடிக்காதா என்று எனக்கும் முதல் வருஷம் பயம். ஐஸாகும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. பாட்டிலில் வழியவழிய நீர் நிரப்பி ஃப்ரீஸரில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் குளத்தின் தண்ணீர் முழுக்க உறைவதில்லை. தண்ணீர் 4 டிகிரி சென்டிகிரேடில்தான் அதிகக் கனம். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் லேசாகி மேலே வந்துவிடும், அங்கேதான் ஐஸ் கட்டும். எங்கள் பக்கத்துக் குளிருக்கு மேலே ஒரு பலகை மாதிரி ஐஸ் நிற்கும், அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அந்த மேல் பலகை பருக்க இடம் வேண்டுமல்லவா? அதற்காக ஒரு காற்றுத் தலையணையை ஊதி, குளத்தின் நடுவில் மிதக்கவிட்டு, நகராமல் கயிறு கட்டி, அதன்மேல் மூடியை விரிக்கிறோம். ஐஸ் பருக்கும்போது சுவரைத் தள்ளுவதற்குப் பதில் இந்தத் தலையணையை நசுக்கிக்கொள்ளும். தலையணையைக் கல்லு மாதிரி முழுக்க ஊதக் கூடாது. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஊதினால்தான் நசுங்க இடம் இருக்கும்.

மூடும் வாரம்

குளத்தை மூடுவதற்கு நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அல்ல, தண்ணீரில்! தண்ணீரின் வெப்பம் 65 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும் சமயம்தான் சரி. நம் கணக்கில் 18 டிகிரி சென்டிகிரேடு. வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் உள்ளே பாசி பிடிக்கும். ஏப்ரலில் திறக்கும்போது பச்சைப் பட்டாணிக் குழம்பு மாதிரி இருக்கும். ரொம்பத் தள்ளிப் போட்டாலோ ஓக் இலையும் மேப்பிள் இலையும் கொட்டி, அடியில் ஊறி, டீத்தூள் கறை மாதிரி விரிப்பில் படிந்துவிடும்.

ஒரு வாரம் முன்பே வலையால் இலைகளை அள்ளி, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, அடி அழுக்கை உறிஞ்சி எடுத்துவிடுவேன். பிறகு தண்ணீரைப் பரிசோதிக்கும் பட்டையை நனைத்துப் பார்ப்போம். பி.எச். 7.2-லிருந்து 7.6-க்குள் இருக்க வேண்டும். காரத்தன்மை 80-லிருந்து 120-க்குள். இது சரியாக இருந்தால்தான் ஆறு மாதம் தண்ணீர் கெடாமலும், விரிப்பையும் உலோகத்தையும் அரிக்காமலும் இருக்கும். அதன்பின் குளோரினைத் தாராளமாகப் போட்டு, பம்ப்பை ஓடவிட்டுக் கலக்குவோம். குளோரின் அளவு இறங்கியதும் பாசி மருந்து சேர்ப்பது வழக்கம்.

இந்த மருந்து விஷயத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குளோரினையும் அமிலத்தையும் ஒருநாளும் ஒன்றாகக் கலக்காதீர்கள், ஒரே அளவு டம்ளரைக்கூட இரண்டுக்கும் எடுக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். இரண்டு வகைக் குளோரின் பொடிகளைச் சேர்த்தாலும் ஆபத்துதான். மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மீதியை ஈரம் படாமல், பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள்.

அடுத்தது தண்ணீரைக் கொஞ்சம் இறக்குவது. குளத்தின் பக்கவாட்டில் தண்ணீரை உள்ளே இழுக்கும் பெட்டி போன்ற வாய் ஒன்று இருக்கும். ஸ்கிம்மர் என்று பெயர். அந்த வாய்க்கு நாலைந்து அங்குலம் கீழே வரை இறக்கினால் போதும். அதில் தண்ணீர் தங்கி உறைந்தால் பெட்டி விரிசல் விடும். சுத்தமான தண்ணீர் திரும்பி வரும் துளைக்கு ரப்பர் அடைப்பான் போட வேண்டும். பம்ப், குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு சொட்டு இல்லாமல் வடித்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைப்போம். பம்ப்பிலிருந்து எடுக்கும் சின்னச்சின்ன அடைப்பான்களைப் பம்ப்பின் கூடையிலேயே போட்டுவிடுவேன். ஏப்ரலில் தேட வேண்டாம் பாருங்கள்.

கடைசியாக மூடி. குளத்தைவிடச் சுற்றிலும் மூன்று நாலு அடி பெரிய தார்ப்பாய் அது. ஓரத்தில் இருக்கும் வளையங்களுக்குள் இரும்புக் கம்பிக் கயிற்றை ஓட்டி, சின்னத் திருகு ஒன்றால் முறுக்கி இறுக்க வேண்டும். பாவாடை நாடா மாதிரிதான்! இறுக்கம் போதாவிட்டால் காற்று அடியில் நுழைந்து பாய் மாதிரி தூக்கிவிடும். அதனால் மூடியின் ஓரத்தோடு சேர்த்துச் சுவரைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறையையும் சுற்றிவிடுகிறோம். ஓரத்தில் செங்கல்லோ கல்லோ வைக்கவே கூடாது. ஒன்று உள்ளே விழுந்தால் விரிப்பு போச்சு.

இத்தனையும் செய்ய எங்கள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இரண்டு சனி, ஞாயிறு ஆகும். ஆளைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கூலியில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம்!

சின்னவன் வந்த குளிர்காலம்

ஆறேழு வருஷமாக இது எனக்குப் பழகிய வேலையாக இருந்தது. 2020 நவம்பரில் என் நாத்தனார் குடும்பத்தோடு டெக்ஸஸிலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு வேலை இந்தப் பக்கம் மாறியிருந்தது. வீடு பார்த்துப் போகும்வரை, அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. பையனுக்கு இரண்டரை வயது. ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்காது அந்த வாண்டு. அவனுக்கு 'பால்' என்றால் பந்துதான். பந்து எங்கே உருண்டாலும் பின்னாலேயே ஓடும்.

வந்த நாலாம் நாள் நாத்தனார் சமையலறையில் என்னிடம் மெள்ளச் சொன்னாள். "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. ஜன்னலைத் திறந்தா அந்தக் குளம்தான் கண்ணுல படுது. அதைப் பிரிச்சுப் போட்டுட்டு, கோடை வந்ததும் மாட்டிக்கக் கூடாதா?"

அவள் பயத்தில் தப்பே இல்லை. அமெரிக்காவில் ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணம் நோயோ கார் விபத்தோ அல்ல, தண்ணீரில் மூழ்குவதுதான். அதுவும் சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டிக் கூச்சல் போட்டு மூழ்குவதில்லை. குழந்தை சத்தமே இல்லாமல் போய்விடும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

"மூடிதான் இறுக்கமா இருக்கேம்மா" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அதற்கு அவள், "மூடி இருக்குறதுதான் அண்ணா எனக்குப் பயம். அவனுக்கு அது தரை மாதிரி தெரியுது" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. உண்மைதானே? இந்த மாதிரி மூடி குப்பை விழாமல் காக்கும், குழந்தையைக் காக்காது. ஏறி நின்றால் அமிழும். மழை பெய்தால் மூடியின் மேலேயே குட்டை மாதிரி தண்ணீர் தேங்கும். சின்னக் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. ஓரம் நழுவி மூடிக்கு அடியில் போய்விட்டால், மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

அன்று ராத்திரி ஊரிலிருந்து மாமியார் போனில் வந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் கிணற்றோடு வாழ்ந்தவர்கள். எங்கள் வாதத்தையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "பிரிக்கறதும் வைக்கறதும் உங்க இஷ்டம்மா. ஆனா மூடியாச்சுன்னு மட்டும் இருந்துடாதீங்க. நம்ம கொல்லைக் கிணத்துல கன்னுக்குட்டி விழுந்துச்சே, அது பலகை போட்டு மூடின பிறகுதான். தெறந்த கிணத்துக்கிட்ட எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க. மூடின கிணத்தைத்தான் மறந்துபோவாங்க."

உறைபனி தொடங்கியிருந்த அந்தச் சமயத்தில் குளத்தைப் பிரிப்பது நடக்கிற காரியமில்லை. காலி செய்து நிறுத்தினால் சுவர் விழும் ஆபத்து. போதாததற்கு, காலித் தொட்டியிலும் மழையும் பனியும் சேர்ந்து தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஆகவே குளம் இருக்கட்டும், மறதி மட்டும் இருக்கக் கூடாது என்று நாங்கள் நாலு பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம்.

ஏணி குளத்தைவிட்டு எடுக்கப்பட்டு ஏற்கெனவே ஷெட்டில் இருந்தது. அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். நாலடிக்கு மேல் உயரமான வழுக்குச் சுவர்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு. ஏறுவதற்கு ஒன்றும் அகப்படாதவரைதான் அது தடுப்பு. அதனால் சுவருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி, பூந்தொட்டி, விறகுக்கட்டு எல்லாவற்றையும் தூர நகர்த்தினோம். வெளியே போகும் பின்கதவின் உச்சியில் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் தாழ்ப்பாள் ஒன்று போட்டோம். என் மகளின் பரதநாட்டியச் சலங்கையை அந்தக் கதவிலேயே கட்டித் தொங்கவிட்டேன். கதவு அசைந்தால் மாடிவரை கேட்கும். மகள் கொஞ்சம் முறுமுறுத்தாள், பிறகு ஒத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு பேச்சு வழக்கம் கொண்டுவந்தோம். பையனைப் பார்த்துக்கொள்கிறவர், "இப்ப நான் பாத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாற்றிக்கொள்ளும்போது அடுத்தவரும் சொல்ல வேண்டும். நிறையப் பேர் இருக்கும் வீட்டில்தான், அவர் பார்ப்பார் என்று இவரும் இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள்.

பனி கட்டிய படிக்கட்டு

2021 பிப்ரவரி 1, 2 தேதிகளில் நியூஜெர்ஸியில் கொட்டிய பனியை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேலே பனி. காற்று வேறு. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் நாத்தனார் பையனுக்கு பூட்ஸ், தொப்பி எல்லாம் மாட்டிக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். இரண்டு பேருமாகப் பனி பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். நான் காபி டம்ளரோடு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

அப்போதுதான் குளத்தின் வடபக்கத்தைப் பார்த்தேன். காற்று வாரிக்கொண்டுவந்த பனி அங்கே சுவரோடு சாய்ந்து மேடாகக் கிடந்தது. மணல் குவித்த மாதிரி சரிவாக ஏறி, சுவரின் விளிம்புக்கு ஓரடி கீழே வரை வந்திருந்தது. இரண்டு நாள் குளிரில் அதன் மேல்பரப்பு இறுகிப் போயிருந்தது. பெரியவர்கள் கால் வைத்தால் புதையும், குழந்தையைத் தாங்கும். அந்தச் சரிவில் கோழிக்குஞ்சு நடந்த மாதிரி சின்ன பூட்ஸ் தடங்கள் வரிசையாக மேலே போயிருந்தன. பாதி மேடு வரை ஏறி, அங்கிருந்து திரும்பி இறங்கியிருந்தன.

அவன் அம்மா அவனுக்கு நாலடி தூரத்தில்தான் இருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. பாதி ஏறியவனை அவள்தான் கூப்பிட்டு இறக்கியிருக்கிறாள். ஆனாலும் அவளுக்கு அது விளையாடும் பனிமேடாகத்தான் பட்டது, படிக்கட்டாகத் தெரியவில்லை. மேலே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்ததால்தான் எனக்குத் தெரிந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் அவளைத் தொட்டு, தடத்தைக் கை காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. பையனைத் தூக்கி என் மகளிடம் கொடுத்து, "நீ பாத்துக்கறியா?" என்றாள். "நான் பாத்துக்கறேன் அத்தை" என்று அவள் சொன்ன பிறகுதான் கையை விட்டாள். அப்புறம் மண்வாரியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள் பாருங்கள்! இரண்டு ஆண்களும் நானும் சேர்ந்துகொண்டோம். சாயங்காலத்துக்குள் குளத்தைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தரை தெரிய வழி வெட்டிவிட்டோம். அவள் உள்ளங்கையில் கொப்புளம். நான் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவப் போனால், "இருக்கட்டும் அண்ணி, இன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி" என்றாள்.

அன்றிலிருந்து பனி கொட்டிய ஒவ்வொரு முறையும், கார் போகும் பாதையைச் சுத்தம் செய்வதற்கு முன்பே குளத்தைச் சுற்றித்தான் வெட்டுவோம். அள்ளிய பனியையும் சுவரோரம் குவிப்பதில்லை. இப்போது சின்னக் குழந்தை இல்லாத வருஷத்திலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வேலி ஒரு பொருட்டா?

2025 ஜூலையில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தரைக்கு மேல் நிற்கும் குளங்கள் சுமார் 50 லட்சத்தைப் பற்றி எச்சரிக்கை விட்டபோது எனக்கு இந்தப் பனிமேடுதான் ஞாபகம் வந்தது. சட்டக் குழாய்களுக்கு வெளியே சுற்றிலும் ஓடும் பட்டை, குழந்தைகள் கால் வைத்து ஏற வசதியாக இருக்கிறது என்பதுதான் அங்கே பிரச்சினை. ஒன்பது குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நாலடிச் சுவர் பாதுகாப்புதான் என்று நம்பியவர்களின் குழந்தைகள். உங்கள் வீட்டுக் குளத்துக்கு அப்படிப் பட்டை இருந்தால், அந்த அறிவிப்பில் சொன்னபடி மாற்று ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வாரம் ஒரு சுற்று

குளிர்காலம் முழுக்க வாரத்துக்கு ஒருமுறை குளத்தைச் சுற்றி வருவேன். கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். கம்பிக் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். மூடியில் தேங்கிய தண்ணீரைச் சின்ன பம்ப்பாலோ, தோட்டத்து ரப்பர் குழாயாலோ இழுத்து வெளியே விட்டுவிடுவோம். இலைக் குப்பையை நீளக் கம்பு வைத்த மெத்தென்ற துடைப்பத்தால் வெளியே நின்றபடியே தள்ளுவேன். மூடியின் மேல் ஐஸ் இறுகியிருந்தால் தொடுவதே இல்லை. தட்டி உடைத்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி மூடியைக் கிழிக்கும். அதுவாக உருகட்டும். எந்தக் காரணத்துக்காகவும் யாரும் மூடியின் மேல் கால் வைப்பதில்லை. ஐஸ் கெட்டியாக இருக்கிறதா என்று சோதிப்பதுகூடக் கிடையாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூடிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் மட்டம் இறங்கக் கூடாது. மூடியும் அதன் மேல் விழும் பனியும் அந்தத் தண்ணீரின் மேல்தான் படுத்திருக்கின்றன. எங்கோ ஒரு பொத்தல் விழுந்து மட்டம் இறங்கினால், அத்தனை பாரமும் தொட்டில் மாதிரி சுவரில் தொங்கும், சுவரை உள்ளே இழுக்கும். மூடி வழக்கத்துக்கு மேல் குழிந்திருந்தால் உடனே காரணம் பாருங்கள்.

ஏப்ரல் கடைசியில், தண்ணீர் வெதுவெதுப்பாகிப் பாசி கிளம்புவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். மூடியின் மேலிருக்கும் அழுக்குத் தண்ணீரை முதலில் இறைத்துவிட்டு, இரண்டு பேராக மூடியை மெள்ள மடிக்க வேண்டும். 2021 ஏப்ரலில் நாத்தனார்தான் மறுமுனையைப் பிடித்தாள். தண்ணீர் அடி தெரியப் பளிச்சென்று இருந்தது. அடுத்த வாரம் அவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குப் போனார்கள். அந்த வாண்டு எங்கள் குளத்திலேயே நீச்சல் கற்றுக்கொண்டு, இப்போது ஒவ்வொரு கோடையிலும் வந்து குதிக்கிறான். நீச்சல் தெரிந்துவிட்டது என்பதற்காக ஒருவர் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்வதை நாங்கள் விட்டுவிடவில்லை.

நம் ஊர்ச் சகோதரிகளுக்குக் கொல்லையில் குளம் இருக்காது. ஆனால் வாசலில் சம்ப் இருக்கிறது, பின்னால் தொட்டி இருக்கிறது, குளியலறையில் நிறைத்து வைத்த வாளியும் அண்டாவும் இருக்கின்றன. தண்ணீர் லாரி வந்து போன அவசரத்தில் சம்ப் மூடியைப் பாதி தள்ளிவிட்டு வந்திருப்போம். மூடி இருக்கிறது என்ற எண்ணத்திலேயே மறந்துபோயிருப்போம். தவழும் குழந்தையும் நடக்கும் குழந்தையும் இருக்கும் வீட்டில், இரவில் படுக்கப் போகும் முன்னால் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். சம்ப் மூடியை ஒரு முறை கையால் இழுத்துப் பார்த்துப் பூட்டுப் போடுங்கள். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.